மூன்றாம் நாள் சிவப்பு

பாயான் பாருவில் வாடகை வீடு.
வேலிக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒரு முழம் மண்.
அதிலும் பாதி சிமெண்டுச் சில்லு.

ரொஸ்னானி தந்த குச்சி அது.
கூலிமுக்கு மாற்றலாகிப் போன அன்று
ஈரத்துணி சுற்றி என் மோட்டார் கூடையில் வைத்தாள்.
அவளுக்கு அக்கார் டானி. எனக்கு ரங்கூன் மல்லி.
"வெயில் கொடு, தண்ணீர் கொடு,
செல்லம் மட்டும் கொடுக்காதே."

கேட்கவில்லை நான்.
வாரம் தவறாமல் யூரியா ஊட்டினேன்.
ஒரு வருடம் முழுக்க இலை, இலைக்கு மேல் இலை.
சன்னல் கம்பியைப் பிடித்து ஏறி
பக்கத்து வீட்டுத் தியோவின் கூரைப் பீலிக்குள் கைவிட்டு
தண்ணீர் மீட்டரை மூடி...
பூ மட்டும் இல்லை.
தின்று கொழுத்துப் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை.

உரத்தை நிறுத்தினேன்.
இடுப்பளவுக்கு வெட்டினேன்.
வெட்டும்போதுதான் தெரிந்தது,
இலை உதிர்ந்த காம்பெல்லாம்
முள்ளாகிக் காத்திருப்பது.
அன்றிரவு கையுறைக்குள் முழங்கைவரை எரிந்தது.

என் வேலை, கண்ணுக்குத் தெரியாத தூசியைத்
தேடிப் பிடித்து ஒதுக்குவது.
தலையோடு கால் வெள்ளை உடுப்பு. கண் மட்டும் வெளியே.
பவுடர் கூடாது. வாசனை கூடாது.
சேர்ந்த புதிதில் ஒருநாள் பூ வைத்துக்கொண்டு போனேன்.
சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள்.
பதினோரு வருடமாயிற்று.

தைப்பூசம் கழிந்து வெயில் ஏறிய வாரம்
கொத்துக் கொத்தாய்த் தொங்கியது.
மாலை ஆறேகாலுக்கு பஸ் பிடிக்க ஓடும்போது
மூடிய மொட்டு.
காலை எட்டுக்கு, கண் எரிய, கேட்டைத் திறக்கும்போது
இளஞ்சிவப்பு. அதற்குப் பக்கத்திலேயே கருஞ்சிவப்பு.
ரொஸ்னானிக்குப் படம் அனுப்பினேன்: ரெண்டு கலர்!

தியோ அங்கிள் பினாங்குப் பாலத்தில் டோல் வாங்கியவர்.
மீதிச் சில்லறை போலத்தான் பேச்சும், எண்ணிக் கொடுப்பார்.
பீலியில் அடைத்த சருகை வாளியில் காட்டவந்தவர்
போகிற போக்கில் சொன்னார்:
"வெள்ளைப் பூ வாசம் பரவாயில்லை."
வெள்ளையா?
என் கொடியில் வெள்ளையே கிடையாது, அங்கிள்.
அவர் வாளியைக் கீழே வைத்தார்.
"தினமும் பார்க்கிறேன்."
"தினமும் நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன்."

ஒரு பொருள், இரண்டு அறிக்கை.
எங்கள் லைனில் இதற்கு ஒரு வழிதான்.
மறுபடி சோதி.

சளி என்று சொல்லி எம்சி எடுத்தேன்.
இருட்டு விழுகிற நேரத்தில்
கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தேன்.
பஸ் ஹாரன் அடித்துவிட்டு நானில்லாமல் போனது.
ஏழரை.
சத்தமில்லை. ஒரு மொட்டு தளர்ந்தது, இன்னொன்று,
பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது.
வெள்ளை.
எங்கள் உடுப்பைப் போல் அல்ல,
அதற்குள் வாசனை இருந்தது.
விரல் பருமன் அந்துப்பூச்சி ஒன்று
காற்றில் நின்றபடியே நீண்ட குழலுக்குள் நாக்கை விட்டது.
வேலிக்கு அந்தப்பக்கம் தேநீர்க் குவளை.
தியோ அங்கிள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காததுபோல்.

ஒரு பூவின் காம்பில் நீல நூல் கட்டினேன்.
காலையில் இளஞ்சிவப்பு.
மறுநாள் நிறம் ஏறி,
மூன்றாம் நாள் சிவந்து அவர் பக்கம் விழுந்தது.
நூலைப் பார்த்துவிட்டுப் பெருக்காமல் விட்டிருந்தார்.

ஒரே பூதான்.
அதன் முதல் இரவுகளில் எல்லாம்
நான் மைக்ரோஸ்கோப்பின் முன்னால் இருந்திருக்கிறேன்.

இன்று மறுபடியும் இரவு ஷிப்டு.
ஏழு நாற்பது.
தட்டில் இருபத்தைந்து வில்லைகள், ஒன்றிலும் குறையில்லை.
தலை நிமிர்த்திச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.
பக்கத்து மேசை மல்லிகேஸ்வரி கேட்கிறாள்:
"டீ பிரேக்குக்கு இன்னும் நேரமிருக்கே,
என்னடி சிரிப்பு?"
முகமூடிக்குள் எப்படித் தெரிந்தது அவளுக்கு.